பிக்கப் வண்டியில் நாய்களோடு பயணம்: முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

பிக்கப் வாங்குகிற நாய்ப் பிரியர்கள் பலருடைய மனசிலும் ஒரு படம் இருக்கும். பின்னால் திறந்த தொட்டியில் நாய் காது பறக்க நின்றுகொண்டு வரும், நாம் முன்னால் நிம்மதியாக ஓட்டிக்கொண்டு போவோம். அந்தப் படத்தை முதலில் அழித்துவிடுங்கள். பிக்கப் என்பது சரக்கு ஏற்றுவதற்காகச் செய்த வண்டி, அதில் நாய்க்கென்று இடம் எதுவும் கிடையாது, அந்த இடத்தை நாம்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். நாய் எங்கே இருக்கப் போகிறது என்பதை முடிவு செய்த பிறகு மற்றச் சாமான்களை வாங்குங்கள். நிறைய பேர் தலைகீழாகச் செய்கிறார்கள்: முதலில் அழகான விரிப்பு, கிண்ணம், பை எல்லாம் வாங்கிவிட்டு, கிளம்புகிற அன்று காலையில் நாயை எங்கே ஏற்றுவது என்று யோசிக்கிறார்கள்.

என்னிடம் இரண்டு நாய்கள். மூத்தவன் மணி, 28 கிலோ, ஒன்பது வயது, முழங்கால் சரியில்லை. சின்னவள் செம்பி, 14 கிலோ, ஒரு இடத்தில் நிற்கமாட்டாள். கீழே இருப்பதில் பாதி இந்த இரண்டு பேரும் கற்றுக்கொடுத்தது.

முதலில் இடம்

உட்கார வைக்க மூன்று இடங்கள் உண்டு. கேபினின் பின்சீட், கேனோபி (தொட்டியின் மேல் பொருத்தும் ஜன்னல் வைத்த கூடு) போட்டு மூடிய தொட்டிக்குள் கூண்டு, அப்புறம் திறந்த தொட்டி. என் வரிசையும் இதேதான், அதில் மூன்றாவதை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஏன் என்று சொல்கிறேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதன் மேலாவது மோதி நின்றால், கட்டாமல் இருக்கும் எதுவும் அதே வேகத்தில் முன்னால் பறக்கும். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொடும்போது இருக்கும் வேகமும் ஏறக்குறைய அதுதான், அதாவது மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். மோதலே வேண்டாம், ஒரு சடன் பிரேக் போதும், பக்கச் சுவர் நாயைத் தடுத்து நிறுத்தாது. கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். கயிறு நீளமாக இருந்தால் நாய் சுவரைத் தாண்டிக் குதித்து வெளியே தொங்கும். குட்டையாக இருந்தாலும் தூசியும் கல்லும் பூச்சியும் கண்ணில் அடிக்கும், வெயிலில் கொதிக்கும் இரும்புத் தரை பாதத்தைச் சுடும். பல நாடுகளில் நாயைத் திறந்த தொட்டியில் கட்டாமல் ஏற்றிப் போவது சட்டப்படி குற்றம், நீங்கள் ஓட்டப்போகும் இடத்தின் விதியைக் கட்டாயம் பார்த்துக்கொள்ளுங்கள்.

வண்டி வாங்கின புதிதில் நானும் அந்தத் தப்பைச் செய்தேன். கொஞ்ச தூரம்தானே, நடக்கிற வேகத்தில்தானே போகிறோம் என்று செம்பியைத் தொட்டியில் விட்டு மண் சாலையில் உருட்டிக்கொண்டு போனேன். பக்கத்துப் புதரில் ஏதோ அசைந்தது. கண்ணாடியில் அவள் முதுகு ஒரு கணம் தெரிந்தது, அடுத்த கணம் தொட்டி காலி. நிறுத்தி ஓடிப் பார்த்தால் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள், முகவாயில் மண், ஒரு நகம் வேரோடு பிய்ந்து ரத்தம் சொட்டுகிறது. எலும்பு முறியாமல் போனது அதிர்ஷ்டம். பின்னால் வேறு வண்டி எதுவும் வராமல் இருந்தது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். அன்றைக்குப் பிறகு எங்கள் வீட்டு நாய்கள் திறந்த தொட்டியில் ஒரு அடி தூரம்கூடப் போனதில்லை.

தொட்டியின் மேல் தட்டையாக மூடும் கவர் போட்டிருப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். அதற்குள் நாயை ஒருபோதும் வைக்காதீர்கள். காற்றோட்டம் கிடையாது, நிமிர இடம் கிடையாது, வெளிச்சம் கிடையாது, உள்ளே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியவும் வழியில்லை.

கேபினில் ஏற்றுவதானால்

வண்டி இன்னும் வாங்கவில்லை, நாய்களுக்காகவே யோசிக்கிறீர்கள் என்றால் டபுள் கேபின், அதாவது இரண்டு வரிசை சீட் உள்ள வண்டி எடுங்கள். தொட்டி குறுகிவிடும், ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் மாதிரி வண்டிகளில் டபுள் கேபின் என்றால் தொட்டி நீளம் ஒன்றரை மீட்டர் அளவில்தான் இருக்கும். ஆனால் குளிர்சாதனம் இருக்கிற, உங்கள் காதுக்கு எட்டுகிற, பூட்டக்கூடிய இடம் நாய்க்குக் கிடைக்கிறது. ஒன்றோ இரண்டோ நாய் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

வாங்கும் முன் பின்சீட்டை நீங்களே மடக்கிப் பாருங்கள். சில வண்டிகளில் உட்காரும் பகுதி மேலே தூக்கிக்கொள்ளும், கீழே ஏறக்குறைய சமதளமான தரை கிடைக்கும். சிலவற்றில் சாய்மானம் முன்னால் மடங்கும், அப்போது தளம் உயரமாகி நாயின் தலை கூரையில் இடிக்கும். தரை மேடுபள்ளமாக இருந்தால் ஒரு பிளைவுட் பலகையை அளவாக வெட்டி, மேலே வழுக்காத ரப்பர் விரிப்பு போட்டுக்கொள்ளலாம். பலகை அசையாமல் சீட் கொக்கிகளோடு கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது அதுவே பறந்து வரும்.

சீட்டிலேயே உட்கார வைப்பதானால் ஊஞ்சல் மாதிரித் தொங்கும் சீட் கவர் நல்லது. முன்சீட்டின் தலைமெத்தையிலிருந்து பின்சீட்டின் தலைமெத்தை வரைக்கும் கட்டிவிட்டால் நாய் கால்வைக்கும் பள்ளத்தில் விழாது. ஆனால் அந்தக் கவர் பாதுகாப்புச் சாதனம் ஆகாது. நாயைப் பிடித்து வைப்பது ஹார்னஸ்தான். மார்பு முழுக்கப் பரவலாகப் பிடிக்கிற, அகலப் பட்டையும் உலோகக் கொக்கியும் உள்ள ஹார்னஸ் பாருங்கள். அதைச் சீட் பெல்ட்டோடு இணைக்கும் பட்டை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. படுக்கவும் எழுந்து உட்காரவும் முடிந்தால் போதும். கழுத்துப் பட்டையில் மட்டும் ஒருபோதும் கட்டாதீர்கள், சடன் பிரேக்கின் முழு விசையும் கழுத்தில் இறங்கும்.

"மோதல் சோதனை செய்தது" என்று பெட்டியில் அச்சடித்திருப்பதை அப்படியே நம்பவேண்டாம். யார் சோதித்தது, எத்தனை கிலோ எடைக்குச் சோதித்தது என்று பாருங்கள். அமெரிக்காவில் சென்டர் ஃபார் பெட் சேஃப்டி என்ற லாப நோக்கமற்ற அமைப்பு ஹார்னஸ்களையும் கூண்டுகளையும் தனியாகச் சோதித்து, தேறியவற்றின் பட்டியலை வெளியிடுகிறது. 2013-இல் அவர்கள் ஹார்னஸ்களைச் சோதித்தபோது பலவும் கிழிந்தோ கழன்றோ போனதைக் காணொளியில் பார்த்த பிறகுதான் எங்கள் வீட்டிலிருந்த விலை மலிவான இரண்டையும் நான் தூக்கிப் போட்டேன்.

முன்சீட்டில் வேண்டாம். ஏர்பேக் மனிதர்களின் உயரத்துக்கு அளவெடுத்துச் செய்தது, வெடித்துத் திறக்கும் வேகத்தில் நாயைக் கொன்றுவிடும். ஒற்றைக் கேபின் வண்டிதான் இருக்கிறது, வேறு வழியே இல்லை என்றால், பயணி பக்க ஏர்பேக்கை அணைக்கும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், அணைத்துவிட்டுச் சீட்டை முடிந்த மட்டும் பின்னால் தள்ளுங்கள்.

அப்புறம் கண்ணாடி. பின் ஜன்னல் சுவிட்சைப் பூட்டும் பொத்தான் ஓட்டுநர் கதவில் இருக்கும், ஏறியவுடன் அதை அழுத்திவிடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நாய் கைப்பிடி மேல் காலை ஊன்றி எட்டிப் பார்க்கும், ஊன்றுகிற இடத்தில்தான் சுவிட்ச் இருக்கும். கண்ணாடி இறங்கினால் குதிக்கும், ஏறினால் கழுத்து மாட்டும். பின்கதவுகளின் குழந்தைப் பூட்டையும் போட்டுவிடுங்கள். ஜன்னலுக்கு வெளியே தலை நீட்டுவது நாய்க்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்கும் தெரியும், ஆனாலும் மூக்கு மட்டும் போகும் அளவுக்குத் திறந்தால் போதும், வாசனை தாராளமாக வரும்.

கேனோபியும் கூண்டும்

மூன்று நாய், பெரிய நாய், சேற்றில் புரண்டுவரும் நாய் என்றால் தொட்டிதான் வழி. அப்போது கேனோபி வேண்டும், அதற்குள் கூண்டும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் போதாது. கேனோபிக்குள் கட்டாமல் விட்ட நாய் ஒவ்வொரு வளைவிலும் சுவருக்குச் சுவர் உருளும்.

முதலில் எடைக் கணக்கு. ஓட்டுநர் கதவை ஒட்டிய தூணில் ஒட்டியிருக்கும் தகட்டிலோ கையேட்டிலோ வண்டி அதிகபட்சம் எவ்வளவு சுமக்கலாம் என்று இருக்கும். அதில் தொட்டிச் சாமான் மட்டும் அடங்காது: நீங்கள், கூட வருகிறவர்கள், கேனோபி, கூண்டு, நாய், தண்ணீர் எல்லாமே சேர்ந்துதான் கணக்கு. ஃபைபர் கேனோபி மட்டுமே பெரும்பாலும் 60 முதல் 100 கிலோ வரை இருக்கும். பெரிய பிக்கப்புகளுக்கு இதெல்லாம் சுமையே இல்லை, ஆனால் சின்ன வண்டியில் நாலு பேர், கேனோபி, முகாம் சாமான் என்று ஏற்றினால் வரம்பு எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது என்று ஒருமுறை எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. பின்னால் லீஃப் ஸ்பிரிங் (அடுக்கடுக்கான இரும்புப் பட்டை ஸ்பிரிங்) உள்ள பிக்கப் காலியாக ஓடும்போது தூக்கித் தூக்கிப் போடும், ஏனென்றால் அந்த ஸ்பிரிங் முழு லோடு தாங்கச் செய்தது. கேபினில் இருக்கிற உங்களுக்கு லேசாகத் தெரியும் குலுக்கல், பின் ஆக்சிலுக்கு (பின்சக்கரங்களின் அச்சு) பின்னால் இருக்கிற நாய்க்கு அடி மாதிரி விழும். அதனால் கூண்டை எப்போதும் கேபின் சுவரை ஒட்டி, பின் ஆக்சிலுக்கு முன்னால் வையுங்கள். ஆடுவது அங்கேதான் குறைவு. டயர் காற்றையும் பாருங்கள். முழு லோடுக்குச் சொன்ன அழுத்தத்தைப் பின் டயர்களில் வைத்துக்கொண்டு இரண்டு நாயோடு ஓட்டினால் குலுக்கல் இன்னும் கூடும். லேசான லோடுக்கு எவ்வளவு என்று அதே தகட்டில் பெரும்பாலும் தனியாகக் கொடுத்திருப்பார்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து சரிசெய்யுங்கள்.

கூண்டின் அளவு: நாய் நிமிர்ந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்க முடியவேண்டும், அவ்வளவுதான். வசதியாக இருக்கட்டும் என்று ரொம்பப் பெரிசாக வாங்கினால், பிரேக் போடும்போது நாய் அதற்குள்ளேயே ஓடிப்போய் இடிக்கும்.

கட்டுவதில் அவசரப்படாதீர்கள். தொட்டியின் மூலைகளில் இரும்பு வளையங்கள் இருக்கும், அவற்றை ஆட்டிப் பார்த்து உறுதியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். கீழே தடிமனான ரப்பர் பாய், ஏனென்றால் தொட்டிக்குள் பதித்திருக்கும் பிளாஸ்டிக் லைனர் மேல் கூண்டு சறுக்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் கூண்டு, முன்சுவரோடு ஒட்டி. பிறகு நான்கு மூலைக்கும் ராட்செட் பெல்ட், அதாவது கைப்பிடியால் முறுக்கி இறுக்கும் சரக்குப் பட்டை. ரப்பர் கயிறு வேண்டவே வேண்டாம், அது இழுபடும், சரக்கைப் பிடிக்காது. பெல்ட்டை முறுக்கிவிட்டு, கூண்டின் மேல்முனையைப் பிடித்து உடம்பு எடை முழுவதையும் போட்டு ஆட்டிப் பாருங்கள். கூண்டு அசைந்து வண்டி அசையாமல் நின்றால் இன்னும் முறுக்க வேண்டும். வண்டியும் சேர்ந்து ஆடினால் சரியாக இருக்கிறது. கிளம்பி 20 கிலோமீட்டர் போனதும் ஒருமுறை நிறுத்தி மறுபடி இதையே செய்யுங்கள், புது பெல்ட் முதல் ஓட்டத்தில் கட்டாயம் தளரும்.

அடுத்தது புகை. கேனோபியின் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டினால் வண்டிக்குப் பின்னால் உருவாகும் சுழல்காற்று சைலன்சர் புகையை உள்ளே இழுத்துவிடும். அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்று வரட்டும் என்று நல்ல எண்ணத்தோடு பின்கதவைத் திறந்து வைக்கிறவர்கள் நிறைய பேர், அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பின்னால் மூடுங்கள், பக்க ஜன்னல்களையும் முன்பக்கத்தையும் திறங்கள். டெயில்கேட்டின் (தொட்டியின் கீழ்ப்பக்கப் பின்கதவு) விளிம்பில் இடைவெளி இருக்கும், அதை ரப்பர் பட்டை ஒட்டி அடைத்துவிடுங்கள், தூசியும் வராது. கூரையில் காற்று வெளியேறும் சின்ன வென்ட் இருந்தால் இன்னும் நல்லது.

உள்ளே வெப்பம் எவ்வளவு என்று முன்னாலிருந்து தெரிய வேண்டும். கம்பியில்லா வெப்பமானி ஒன்றைக் கூண்டின் மேல் கட்டி, திரையை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இந்த வேலைக்கு இதைவிடப் பயனுள்ள சின்னப் பொருள் எதையும் நான் வாங்கியதில்லை.

ஏறுவதும் இறங்குவதும்

டெயில்கேட்டின் உயரம் பெரும்பாலான பிக்கப்புகளில் 80 சென்டிமீட்டருக்கு மேல். ஏறுவதை நாய் எப்படியோ சமாளித்துவிடும், குதித்து இறங்குவதுதான் கெடுதல். உடம்பு எடை முழுக்க முன்னங்கால்களில் இறங்கும். குட்டிகளுக்கு எலும்பின் வளர்ச்சி முடிந்திருக்காது, டாக்ஸ்ஹண்ட் மாதிரி நீள முதுகு நாய்களுக்குத் தண்டுவடம் பாதிக்கும், வயதான நாய்களுக்கு மூட்டு. இளம் நாய் துள்ளிக் குதிக்கிறதே என்று விட்டுவிட்டால், அதன் பலன் சில வருஷம் கழித்து வரும். மணியின் முழங்காலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றும்.

சாய்வுப் பலகை வாங்குகிறவர்கள் நீளத்தைக் கணக்குப் போடுங்கள். 85 சென்டிமீட்டர் உயரத்துக்கு 1.8 மீட்டர் பலகை வைத்தால் சாய்வு ஏறக்குறைய 28 டிகிரி, பல நாய்கள் தயங்கி நின்றுவிடும். 2.4 மீட்டர் என்றால் 20 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும், ஆனால் அவ்வளவு நீளப் பலகையைத் தூக்கிச் செல்வது தொல்லை. நான் செய்வது வேறு. வண்டியை ஒரு மேட்டுக்கு முதுகைக் காட்டி ரிவர்ஸில் நிறுத்துவேன். ஓர் அடி உயர மேடு கிடைத்தால்கூடக் குட்டைப் பலகையே போதும். நிறுத்தும் இடத்தைத் தேடும்போதே இதைப் பார்த்து வைத்துக்கொள்வது பழகிவிடும். பலகையின் மேல் வழுக்காத சொரசொரப்பு இருக்கட்டும், முதல் நாள் ஒருமுறை வழுக்கிவிட்டால் அப்புறம் அந்த நாய் அந்தப் பலகை பக்கமே வராது.

தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு கை மார்புக்குக் கீழே, இன்னொரு கை பின் தொடைகளுக்குப் பின்னால். வயிற்றைப் பிடித்துத் தூக்காதீர்கள்.

பழக்குவது

இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் சில நாள் எஞ்சின் போடவே வேண்டாம். கதவைத் திறந்து வையுங்கள், உள்ளே நாயின் பழைய விரிப்பைப் போடுங்கள், அதுவாக ஏறினால் ஒரு தின்பண்டம் கொடுங்கள், ஏறாவிட்டால் விட்டுவிடுங்கள். சாப்பாட்டுத் தட்டை உள்ளே வைத்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் பழகும். பிறகு ஹார்னஸ் மாட்டி, கொக்கி போட்டு, ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். அடுத்து எஞ்சின் மட்டும். அதற்கப்புறம் தெருமுனை வரை. அதற்கப்புறம் பத்து நிமிஷம் ஓட்டி, நாய்க்குப் பிடித்த திடலிலோ தோப்பிலோ இறக்கி ஓடவிட்டுக் கூட்டி வாருங்கள். முதல் நாலைந்து பயணமும் ஊசி போடுகிற இடத்துக்கே போனால் எந்த நாய்தான் வண்டியை விரும்பும்?

இந்த நாட்களில் கட்டாயம் சொல்லித்தர வேண்டியது "இரு" என்ற ஒரே ஒரு சொல். கதவு திறந்தாலும், நீங்கள் கயிற்றை மாட்டி "வா" என்று சொல்லும் வரைக்கும் நாய் அசையக்கூடாது. நெடுஞ்சாலை ஓரத்தில் கதவைத் திறந்த நொடியில் வெளியே பாயும் நாய்களைத்தான் வண்டிகள் அடிக்கின்றன. செம்பிக்கு இது பழக மூன்று வாரம் ஆனது, தினமும் பத்து தடவை கதவைத் திறந்து மூடினோம்.

கொட்டாவி, உதட்டை நக்கிக்கொண்டே இருப்பது, எச்சில் வடிவது, இதெல்லாம் தலைசுற்றலுக்கு அறிகுறி. குட்டிகளுக்கு உள்காது முழுதாக வளராததால் வண்டி ஒத்துக்கொள்ளாது, நிறைய குட்டிகள் வளர வளரச் சரியாகிவிடும். வளர்ந்த பிறகும் தொடர்ந்தால் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள், மரோபிடன்ட் என்ற மருந்தை இதற்கென்றே கொடுப்பார்கள், கிளம்புவதற்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் முன்னால் கொடுக்க வேண்டும். மனிதர்களுக்கு வாங்கின மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

கிளம்பும் நாள்

சாப்பாடு கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்னாலேயே முடிந்திருக்கட்டும், அளவும் குறைவாக. தண்ணீரை நிறுத்தாதீர்கள். நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் தண்ணீர் சராசரியாகத் தேவை, வெயிலில் அதைவிட அதிகம். என் இரண்டு நாய்க்கும் சேர்த்து இரண்டரை லிட்டர் வருகிறது, நான் ஐந்து லிட்டர் கேன் வைத்துக்கொள்வேன், மிச்சம் கால் கழுவ, அவசரத்துக்கு.

எடுத்துக்கொள்ள வேண்டியவை ரொம்ப இல்லை. கிண்ணம், ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு கயிறு, மலம் அள்ளும் பைகள், பழைய துண்டுகள் நிறைய, வழக்கமாகச் சாப்பிடும் உணவு, தினசரி மருந்து இருந்தால் இரண்டு நாளுக்கு அதிகமாகவே. முதலுதவிக்கு: பஞ்சுத்துணி, தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் கட்டுத்துணி, உண்ணி பிடுங்கும் இடுக்கி, காயம் கழுவச் சலைன், வலியில் கடிக்காமல் இருக்க வாயைக் கட்டுவதற்கு நீளத் துணிப் பட்டை. வலி மாத்திரைகளை அந்தப் பையில் வைக்காதீர்கள். இப்யூபுரோஃபென் மாதிரி மனித மருந்துகள் நாய்க்கு விஷம்.

கேபினிலும் கொஞ்சம் தேடிப் பாருங்கள். சர்க்கரை இல்லாத சூயிங்கம் டப்பா ஒன்று கியருக்குப் பக்கத்தில் கிடக்கும். அதில் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி இருந்தால் இரண்டு மூன்று கட்டியே சின்ன நாயின் ரத்தச் சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். சாக்லேட்டும் திராட்சையும் அதே பட்டியல். தொட்டியில் கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) கேன் வைத்திருப்பவர்கள் நாயோடு போகும்போது இறக்கி வைத்துவிடுங்கள். எத்திலின் கிளைக்கால் உள்ள கூலன்ட் இனிப்பாக இருக்கும், நாய் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் கெட்டுவிடும். வண்டிக்குக் கீழே பச்சையாகவோ ஆரஞ்சாகவோ சொட்டு விழுந்திருந்தால் அதே நாளில் கழுவி, எங்கே ஒழுகுகிறது என்று பாருங்கள்.

வெயில்

இந்த ஒரு பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, பாதங்களில் கொஞ்சம்தான். மூச்சு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சுற்றியிருக்கும் காற்றே சூடாகிவிட்டால் எவ்வளவு இரைத்தும் பயனில்லை. வெளியே 24 டிகிரி, இதமான நாள் என்று நீங்கள் நினைக்கும்போது, மூடி நிறுத்திய வண்டிக்குள் அரை மணி நேரத்தில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். கண்ணாடியை நாலு விரற்கடை இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் வராது, இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். கேனோபிக்கும் இதே கதைதான், நிற்கும் வண்டியில் ஜன்னல் திறந்திருந்தாலும் காற்று ஓடாது. "ஐந்து நிமிஷம்தான், ஒரு காப்பி குடித்துவிட்டு வருகிறேன்" என்பது கிடையவே கிடையாது. தனியாகப் போகிறீர்கள் என்றால் நீங்கள் இறங்க வேண்டி வந்தால் நாயை எங்கே விடப்போகிறோம் என்பதை வீட்டிலேயே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 டிகிரி. 41-ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. நிற்காத இரைப்பு, கெட்டியான எச்சில், ஈறு செக்கச் சிவந்து போவது, தள்ளாட்டம், வாந்தி, இதில் எதைப் பார்த்தாலும் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீரை ஊற்றுங்கள், ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள், ஏசியை முழுதாகப் போடுங்கள். முதலில் குளிர வைப்பது, அதற்குப் பிறகு மருத்துவரிடம் ஓடுவது. ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். மயக்கத்தில் இருக்கும் நாயின் வாயில் தண்ணீரை ஊற்றாதீர்கள். எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், உள்ளுறுப்புப் பாதிப்பு பிறகுகூட வெளிப்படும்.

பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களை வைத்திருப்பவர்கள் விடியற்காலையிலோ இரவிலோ ஓட்டுங்கள். தொட்டியின் தரையையும் டெயில்கேட்டையும் நாய் மிதிக்கும் முன் புறங்கையை ஐந்தாறு நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

வழியில்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். வேகமான சாலையின் ஓரத்தில் வேண்டாம், உள்ளே தள்ளியிருக்கிற இடமாகப் பார்த்து. நான் செய்யும் வரிசை எப்போதும் ஒன்றே: எஞ்சின் அணை, சுற்றிப் பார், கதவை ஒரு சாண் மட்டும் திற, கையை விட்டுக் கயிற்றை மாட்டு, அதற்கப்புறம் சீட் கொக்கியைக் கழற்று, "வா". களைப்பாக இருக்கும் நேரத்தில்தான் வரிசை மாறும், அதனால்தான் அதை மாற்றாமல் வைத்திருக்கிறேன். இரண்டு நாயிருந்தால் ஒன்றை இறக்கிக் கட்டிவிட்டு மற்றதை இறக்குங்கள். கதவையோ டெயில்கேட்டையோ மூடும் முன் வாலும் பாதமும் எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை.

ஓட்டுவதும் கொஞ்சம் மாற வேண்டும். நாய்க்கு ஸ்டியரிங் பிடித்துக்கொள்ளக் கை இல்லை, வளைவு வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியாது. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நிதானமாகத் திருப்புங்கள். பின்னால் லேசாக இருக்கும் பிக்கப் ஈரச் சாலையில் வால் வீசும், அதற்காகவும் இது நல்லது.

காகிதங்கள் விஷயம் சுருக்கமாக. ரேபீஸ் தடுப்பூசிச் சான்று எங்கே போனாலும் கையில் இருக்கட்டும். தோலுக்கடியில் வைக்கும் அடையாள மைக்ரோசிப் போட்டிருந்தால் அந்த 15 இலக்க எண்ணோடு பதிவாகியிருக்கும் கைபேசி எண் இப்போதும் சரிதானா என்று பாருங்கள். சிப் தானாக இடத்தைக் காட்டாது, யாராவது அதை ஸ்கேன் செய்து உங்களை அழைத்தால்தான் உண்டு. எல்லை தாண்டுகிறவர்கள் மாதக்கணக்கில் முன்னாலேயே விசாரியுங்கள். உதாரணமாக ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக, முதலில் சிப், அதற்கப்புறம்தான் ரேபீஸ் ஊசி, ஊசியின்போது குறைந்தது 12 வாரம் வயது, முதல் ஊசி போட்டு 21 நாள் கழிந்திருக்க வேண்டும். சிப்புக்கு முன்னால் போட்ட ஊசி அங்கே செல்லாது.

திரும்பி வந்ததும்

நாய்களை முதலில் பாருங்கள், வண்டி காத்திருக்கும். விரலிடுக்குகள், காதுக்கு உள்பக்கம், அக்குள், வால் அடி, உண்ணி ஒட்டிக்கொள்ளும் இடங்கள் இவைதான். ஹார்னஸ் பட்டை உராய்ந்து முடி உதிர்ந்திருக்கிறதா என்று அக்குளில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள்.

சீட்டில் ஒட்டிய முடிக்கு ரப்பர் கையுறையை லேசாக ஈரப்படுத்தி ஒரே திசையில் இழுத்தால் உருண்டையாகத் திரண்டு வரும், அதற்கப்புறம் வாக்குவம் போடுங்கள். சிறுநீர் பட்டிருந்தால் என்சைம் கலந்த கிளீனர் வேண்டும், சோப்புத் தண்ணீர் போட்டால் நமக்கு வாடை போய்விடும், நாய்க்குப் போகாது, அடுத்த தடவையும் அதே இடத்தில் போகும். தொட்டியின் ரப்பர் பாயைத் தூக்கிக் கழுவி, கீழே தேங்கிய தண்ணீரைத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் துரு பிடிக்கும். ராட்செட் பெல்ட்டுகளை விரலால் முழுநீளமும் உருவிப் பாருங்கள், ஓரத்தில் நூல் பிரிந்திருந்தால் அதை இன்றைக்கே ஒதுக்கி வையுங்கள். ஹார்னஸ் கொக்கியிலும் மணல் சிக்கியிருக்கும், தண்ணீரில் அலசி, நாலைந்து தடவை திறந்து மூடி, கிளிக் என்ற சத்தம் சுத்தமாகக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டி வையுங்கள்.